முகம் தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை: மூளையில் எந்த செல்கள் எதைச் செய்கின்றன?

வாசகர் கேள்வி, ஜூன் 3

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் எனக்கு வழக்கமாக மீன் வெட்டிக் கொடுப்பவர் நேற்று வடகிழக்கு எம்ஆர்டி ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நன்றாகத் தெரிந்த முகம். ஆனால் யார், எங்கே பார்த்தது என்று பொங்கோல் வரும்வரை பிடிபடவே இல்லை. வீட்டுக்கு வந்து குழம்புக்குப் புளி கரைக்கும்போதுதான் பளிச்சென்று வந்தது. வயது 58. இது முதுமை மறதி நோயின் ஆரம்பமா? நினைவு என்றால் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. பாதி மட்டும் வருமா?

ஜூன் 3, இரவு

வரும். உங்களுக்கு நடந்தது ஏறக்குறைய அப்படியே ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஜார்ஜ் மேண்ட்லர் என்ற உளவியலாளர் 1980ல் எழுதியது: பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறோம், தெரிந்தவர் என்று உறுதியாகத் தோன்றுகிறது, யார் என்று மட்டும் தெரியவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டுபவர் என்று பிடிபடுகிறது. அவருக்கு இறைச்சி, உங்களுக்கு மீன்.

அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்பதுதான் அவர் சொன்னது. ‘இதை முன்பு பார்த்திருக்கிறேன்’ என்ற உணர்வு ஒன்று. எங்கே, எப்போது, யாரோடு என்று அந்தச் சந்தர்ப்பம் திரும்பி வருவது இன்னொன்று. முதலாவதைப் பரிச்சயம் என்றும் இரண்டாவதை நினைவுகூரல் என்றும் எழுதுகிறேன். முதலாவது வந்து இரண்டாவது வராமல் நிற்பது எல்லா வயதிலும் நடக்கும். மாணவர்களுக்கும் நடக்கும், பரீட்சை எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மூளையில் இதை யார் செய்கிறார்கள் என்பது பெரிய கதை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

காதுக்கு உள்பக்கமாக, பொட்டுமடலின் அடியில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பக்கத்தில் ஒரு புறணிப் பகுதி (புறணி என்பது மூளையின் வெளிப்படலம்) இருக்கிறது. பெயர் பெரிரைனல் கார்டெக்ஸ். பார்த்த பொருள் புதிதா பழையதா என்பதில் இதற்குப் பெரிய பங்கு.

இங்கே உள்ள செல்கள் எப்படித் தெரிவிக்கின்றன என்பது முதலில் கேட்டபோது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. தெரிந்த பொருளைப் பார்த்தால் செல் துள்ளும் என்றுதான் யாரும் நினைப்போம். பிரிஸ்டலில் மால்கம் பிரவுனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1980களிலிருந்து குரங்குகளில் பதிவு செய்து காட்டியது வேறு. புதுப் பொருளுக்குச் செல் பலமாகத் துடிக்கிறது, அதாவது அதன் மின்துடிப்புகள் கூடுகின்றன. அதே பொருள் திரும்ப வந்தால் துடிப்பு குறைகிறது. ஒரே ஒரு முறை பார்த்தாலே போதும். இடையில் வேறு எத்தனையோ படங்கள் வந்தாலும் அந்தக் குறைவு நிற்கிறது, சில செல்களில் ஒரு நாள் கழித்தும் இருக்கிறது. அதாவது பரிச்சயத்தைக் காட்டுவது செல்லின் அடக்கம்.

இதன் கொள்ளளவும் அசாதாரணமானது. 1973ல் லயனல் ஸ்டாண்டிங் 5 நாள்களில் ஆளுக்கு 10,000 படங்கள் காட்டினார், ஒவ்வொன்றும் 5 விநாடி. பிறகு பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். 100க்கு 83 சரி. அதில் எத்தனை படங்களை நீங்களாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் யாராலும் சில நூறைத் தாண்டியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஜூன் 4, பின்னிரவு

‘எலிக்கு இதெல்லாம் உண்டா, அது எப்படிச் சொல்லும்?’ என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இது என் வயிற்றுப் பிழைப்பாக இருந்த வேலை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். 1988ல் என்னாசர், தெலாகூர் இருவரும் எலிகளுக்கு எழுதிய சோதனையின் ஒரு வடிவத்தைத்தான் எங்கள் சுண்டெலிகளுக்குச் செய்வோம். காலிப் பெட்டியில் எலியை விட்டுப் பழக்குவது. மறுநாள் ஒரே மாதிரி இரண்டு பொருள்களை வைப்பது, எலி மோந்து பார்த்துச் சுற்றும். எடுத்துவிட்டு, கொஞ்ச நேரமோ ஒரு நாளோ கழித்து, ஒரு பழைய பொருளும் ஒரு புதுப் பொருளும். எலிக்குப் புதிதைத்தான் பிடிக்கும், அங்கே அதிக நேரம் மூக்கை நீட்டும். இரண்டுக்கும் சம நேரம் கொடுத்தால், பழையது பழையதாகத் தெரியவில்லை என்று பொருள். பயிற்சி, தண்டனை, பரிசு எதுவும் கிடையாது. அதனாலேயே எனக்கு இந்தச் சோதனை பிடித்திருந்தது.

வேலையில் பாதி துடைப்பதுதான். ஒவ்வோர் எலிக்குப் பிறகும் பெட்டியையும் பொருளையும் எத்தனால் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது முந்தைய எலியின் வாசனையைத்தான் ஆராயும். பொருள் தேர்வும் லேசில்லை. கடித்துப் பிய்க்கக் கூடாது, தள்ளினால் விழக் கூடாது, மேலே ஏறி உட்காரவும் கூடாது. லெகோ கோபுரம் ஒன்று கட்டி வைத்தோம். அதன் உச்சியில் ஏறி மீசையைத் துடைத்துக்கொண்டே சோதனை நேரம் முழுவதையும் கழித்தது ஓர் எலி. எல்லாரும் வேலையை விட்டு வந்து பார்த்துச் சிரித்தோம். அன்றோடு லெகோவை மாற்றிவிட்டு நல்ல கனமான கண்ணாடிக் குடுவைக்குப் போனோம்.

இப்போது விஷயம். பெரிரைனல் பகுதி சேதமான எலி, புதுப் பொருளையும் பழையதையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஹிப்போகாம்பஸ் சேதமான எலி இந்தச் சோதனையில் பல ஆய்வுகளில் தேறிவிடுகிறது. ஆனால் பொருள்கள் எல்லாம் பழையவை, இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கின்றன என்று வைத்தால் அது தடுமாறுகிறது. பார்க்கரும் வார்பர்ட்டனும் 2011ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் என்பதற்கு ஹிப்போகாம்பஸ், பெரிரைனல், நெற்றிமடலின் உட்பகுதி மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

செல் அளவிலும் இதே பிரிவு தெரிகிறது. செல் சுறுசுறுப்பாக வேலை செய்தபின் அதில் ஃபாஸ் என்ற புரதம் கூடும். எலிக்குப் புதுப் படம் காட்டினால் பெரிரைனலில் ஃபாஸ் கூடுகிறது. தெரிந்த படங்களையே புது வரிசையில் அடுக்கிக் காட்டினால் மாற்றம் ஹிப்போகாம்பஸில் வருகிறது. வான், ஆகிள்டன், பிரவுன், 1999. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் படிக்கச் சொல்லிக் கொடுத்த கட்டுரை அது, இன்றும் அதன் படங்கள் கண்ணில் நிற்கின்றன.

ஜூன் 6

‘ஹிப்போகாம்பஸை எடுத்துவிட்டால் எல்லா நினைவும் போய்விடும் என்று படித்தேனே’ என்பவருக்கு.

அது ஹென்றி மொலைசனின் கதையிலிருந்து வந்தது. வலிப்பு நோய்க்காக 1953ல், அவருக்கு 27 வயதில், அறுவை மருத்துவர் ஸ்கோவில் இரு பக்கத்துப் பொட்டுமடலின் உட்பகுதியையும் வெட்டி எடுத்தார். பிறகு பிரெண்டா மில்னர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புது ஆள்தான். 2008ல் இறக்கும்வரை அப்படியே.

ஆனால் ஹிப்போகாம்பஸோடு சேர்த்து, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவும் அக்கம்பக்கத்துப் புறணியில் பெரும்பகுதியும் போய்விட்டன. அதனால் எந்த இழப்புக்கு எந்தப் பகுதி காரணம் என்று அவரை வைத்துப் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டியவர்கள் வேறு இருவர். ஆய்வுகளில் ஜான் என்று அழைக்கப்படுபவர் ஒருவர். குறைமாதத்தில் பிறந்து, ஹிப்போகாம்பஸ் பாதி அளவுக்குச் சுருங்கிப்போனது, சுற்றியுள்ள புறணி பெரும்பாலும் தப்பியது. வர்கா-காதெம் குழு 1997ல் அவர் உட்பட மூவரைப் பற்றி எழுதியது. நேற்று என்ன நடந்தது என்று ஜானால் சொல்ல முடியாது. பள்ளிக்குப் போனார், படித்தார், பேசினார், உலக அறிவு சேர்ந்தது. ‘இந்த முகத்தைப் பார்த்தீர்களா’ என்றால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே சொல்லிவிடுவார்.

இன்னொருவர் என்.பி. வலிப்புக்கான அறுவையில் இடப்பக்கப் பொட்டுமடலின் முன்பகுதி, பெரிரைனலில் பெரும்பங்கு உட்பட, எடுக்கப்பட்டது. ஹிப்போகாம்பஸைத் தொடவில்லை. 2007ல் வந்த முடிவு: நினைவுகூரல் நன்றாக இருந்தது, பரிச்சயம் குறைந்திருந்தது. சந்தர்ப்பம் நினைவுக்கு வந்தால் தெரியும், வராவிட்டால் வெறும் ‘தெரிந்த மாதிரி இருக்கிறது’ என்ற உணர்வு அவருக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. அப்படி ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஜூன் 7

சின்னக் குறிப்பு. தலையில் மின்முனைகள் ஒட்டி அளந்தால் இரண்டும் வேறு வேறு நேரத்தில் வருகின்றன. பார்த்த 300 முதல் 500 மில்லி விநாடிக்குள் முன்பக்கம் ஒரு மாற்றம், அதைப் பரிச்சயத்தோடு சேர்க்கிறார்கள். 500 முதல் 800க்குள் இடப்பக்க மேல்-பின்பகுதியில் இன்னொன்று, அது நினைவுகூரல். ரயிலில் நீங்கள் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தது அதே வரிசைதான்.

ஜூன் 9

மேலே எழுதியவற்றைப் படித்தால் பெரிரைனலுக்குப் பரிச்சயம், ஹிப்போகாம்பஸுக்கு நினைவுகூரல் என்று கோடு போட்டுப் பிரித்தாயிற்று போலத் தோன்றும். இதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோட்டை ஏற்காதவர்கள் சாதாரண ஆள்கள் இல்லை. ஸ்குவையர், விக்ஸ்டெட் போன்ற நினைவு ஆய்வாளர்கள் சொல்வது: நினைவுகூரல் என்று நாம் பிரிப்பது பெரும்பாலும் பலமான நினைவு, பரிச்சயம் என்பது பலவீனமான நினைவு. ஹிப்போகாம்பஸ் மட்டும் சேதமானவர்களில் இரண்டுமே குறைந்திருந்ததை ஸ்குவையர் குழு 2003ல் காட்டியது. அப்புறம் ஜானின் சேதம் பிறந்தபோதே ஏற்பட்டது. வளரும் மூளை வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம் என்பது நியாயமான சந்தேகம்.

செல் பதிவுகளும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. 2006ல் ரூட்டிஷவுசர், மாமெலாக், ஷூமன் மூவரும் வலிப்பு நோயாளிகளின் மூளையில் சிகிச்சைக்காக வைத்திருந்த மின்முனைகள் வழியே தனித்தனி நியூரான்களின் (நரம்புச் செல்களின்) துடிப்பைக் கேட்டார்கள். ஹிப்போகாம்பஸிலும் அமிக்டலாவிலும் புதுப் படத்துக்கு மட்டும் துடிப்பைக் கூட்டும் செல்கள் இருந்தன, பழைய படத்துக்குக் கூட்டும் செல்களும் இருந்தன. ஒரே முறை பார்த்தபின். ஆக ‘பழையதா புதிதா’ என்ற கேள்வி ஹிப்போகாம்பஸுக்குள்ளும் கேட்கப்படுகிறது.

என் நிலை: பிரிவு உண்மை, கோடு மெல்லியது. பொருள் தனியாக என்றால் பெரிரைனல் சமாளிக்கும். பொருளையும் இடத்தையும் நேரத்தையும் முடிச்சுப் போடவேண்டும் என்றால் ஹிப்போகாம்பஸ் இல்லாமல் முடியாது. எலிகளைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை இது, அதை இந்த வாதங்கள் இன்னும் அசைக்கவில்லை.

ஜூன் 10

வேறொருவர்: ‘மின்தூக்கி தவறான மாடியில் நின்றதைக் கவனிக்காமல் இறங்கி, அடுத்தவர் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டேன். இது எந்தச் செல்லின் வேலை?’

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒவ்வொரு மாடியும் அச்சு அசல் ஒன்றுபோல. அதே தாழ்வாரம், அதே இரும்புக் கதவு. பரிச்சயம் ‘ஆமாம் ஆமாம்’ என்றுதான் சொல்லும், அதைக் குறை சொல்ல முடியாது. மிக ஒத்த இரண்டைப் பிரித்து வைப்பது ஹிப்போகாம்பஸின் வாசலில் இருக்கும் டென்டேட் ஜைரஸ் என்ற பகுதியின் வேலை. அங்கே செல்கள் ஏராளம், ஒரு நேரத்தில் துடிப்பவை மிகச் சில. அதனால் இரண்டு ஒத்த காட்சிகளுக்கு இரண்டு வேறு கூட்டங்கள் கிடைக்கின்றன. அடுத்துள்ள சிஏ3 பகுதி, சிறு துண்டு கிடைத்தாலும் முழுக் காட்சியையும் மீட்டெடுக்கும் என்கிறார்கள். உங்களுக்குப் புளி கரைக்கும்போது மீன்கடை முழுவதும் திரும்பியதை நான் சிஏ3 கணக்கில் எழுதுவேன்.

வயதானால் இந்தப் பிரித்தறிதல் மங்குகிறது. ஒத்த படத்தைக் காட்டினால் முதியவர்கள் ‘இதைத்தான் பார்த்தேன்’ என்று சொல்வது அதிகம். சில பேட்டைகளில் கீழ்த்தளச் சுவரிலும் புளோக் சுவரிலும் பெரிய வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார்களே, முதியவர்கள் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க அது உண்மையிலேயே உதவக்கூடியது. ஒவ்வோர் இடத்துக்கும் வேறெங்கும் இல்லாத ஓர் அடையாளம். எல்லாப் பேட்டைக்கும் வரட்டும்.

ஜூன் 12

ஆள்களை அடையாளம் காண்பதற்கென்று தனிச் செல்களா என்று கேட்டவருக்கு: சுண்டெலியில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹிப்போகாம்பஸில் சிஏ2 என்று ஒரு குட்டிப் பகுதி, வெகுகாலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாதது. 2014ல் ஹிட்டியும் சீகல்பாமும் அந்தச் செல்களை மட்டும் அமைதியாக்கினார்கள். எலிக்கு மற்ற எலிகளோடு பழகும் ஆசை அப்படியே இருந்தது, இடம் பற்றிய நினைவும் இருந்தது. ஏற்கெனவே சந்தித்த எலி எது, புது எலி எது என்பது மட்டும் தெரியவில்லை. 2016ல் தோனெகாவா குழு, சந்தித்த எலியின் நினைவு ஹிப்போகாம்பஸின் இன்னொரு பகுதியான சிஏ1இன் கீழ்ப்பகுதியில் தங்குவதைக் காட்டியது.

ஜூன் 15

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் ஆய்வுக்கூடம் மட்டும் இல்லை.

என் மாமியாருக்கு முதுமை மறதி நோய். எங்களோடு ஈசூனில் இருக்கிறார். தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றியதும் நேராக அவர் முன்னால் போய் நின்று, “அத்தை, நான் யாருன்னு தெரியுதா?” என்பார்கள். அவர் முகம் மலரும், கையைப் பிடிப்பார், “வாம்மா, சாப்டியா?” என்பார். அதோடு விடுவதில்லை. “பேர் சொல்லுங்க பார்ப்போம்.” பெயர் வராது. மலர்ந்த முகம் சுருங்கிவிடும். வந்தவர்கள் என்னைப் பார்த்து, “ஐயோ, ஒண்ணுமே தெரியலையே” என்பார்கள், அவர் காதில் விழும்படி.

ஒன்றுமே தெரியவில்லையா? கையைப் பிடித்தாரே. கதவில் நின்ற பொட்டலம் கொண்டுவரும் ஆளின் கையை அவர் பிடிக்கவில்லையே. பரிச்சயம் என்பது பெயரின் அரைகுறை மிச்சம் கிடையாது. தனக்கென்று செல்களும் வழியும் உள்ள ஒரு திறன் அது. அந்த நிமிடத்தில் அவரிடம் அது வேலை செய்தது. பெயரைக் கேட்பது, இருப்பதை விட்டு இல்லாததைச் சோதிப்பது. பரீட்சை வைக்காதீர்கள். “அத்தை, நான் உங்க தம்பி மக, தோ பாயோவிலிருந்து வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லி உட்காருங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் இப்போது வருபவர்களிடம் வாசலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், ‘என் அப்பா அம்மாவைப் பார்த்து, இவள் அவளைப் போலவே இருக்கிறாள், ஆனால் அவள் இல்லை என்கிறார்’ என்று எழுதியிருக்கிறார். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

இதற்குப் பெயர் உண்டு. காப்கிரா 1923ல் விவரித்தது, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரனும் ஹிர்ஸ்டீனும் 1997ல் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார்கள். தலைக்காயத்துக்குப் பிறகு பெற்றோரை ஏமாற்றுக்காரர்கள் என்றார். ஆனால் தொலைபேசியில் பேசினால் பெற்றோர்தான் என்று ஏற்றுக்கொண்டார். முகம் பார்வைப் பகுதியில் சரியாகவே அடையாளமாகிறது, அதோடு வரவேண்டிய நெருக்கம் வரவில்லை, பார்வையிலிருந்து உணர்ச்சிப் பகுதிகளுக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். இது பெரிரைனல் சொல்லும் ‘பழையது’ என்பதிலிருந்து வேறுபட்டது, இரண்டையும் குழப்ப வேண்டாம். உங்கள் அப்பாவோடு வாதாடாதீர்கள். அம்மாவை அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள், சிலருக்கு உதவலாம். மருத்துவரிடமும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஜூன் 18

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, ‘அப்போ எனக்கு நோய் இல்லைதானே?’ என்கிறார்.

நீங்கள் எழுதியதில் பயப்பட ஒன்றும் இல்லை. இடம் மாறிப் பார்த்த முகம், பிறகு தானாக வந்த விடை. சாதாரணமாக வயது ஏறும்போது நினைவுகூரல்தான் அதிகம் தேய்கிறது, பரிச்சயம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. அல்சைமர் வேறு மாதிரி. 1991ல் பிராக் தம்பதியர் காட்டியபடி, டவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு உண்டாகும் முடிச்சுகள் புறணியில் முதலில் தோன்றும் இடம் என்டோரைனல் என்ற புறணிப் பகுதியின் ஓரம், பெரிரைனலோடு ஒட்டிய இடம். பிறகுதான் ஹிப்போகாம்பஸுக்குப் பரவுகிறது. அதனால் பொருள்களைப் பழையது என்று உணர்வதே தடுமாறுகிறதா என்று தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க முயல்கிறார்கள், முடிவுகள் இன்னும் ஒன்றுபோல இல்லை.

சொன்னதையே திரும்பச் சொல்வது, பழகிய வழியில் தொலைவது, கணக்கு வழக்கில் திடீர்க் குழப்பம், இதெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் கவனித்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் காட்டுங்கள். மீன்கடைக்காரருக்காகப் போக வேண்டாம்.

ஜூன் 22

இன்னொன்று, இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

1989ல் ஜேகபி குழு ஒரு சோதனை செய்தது. புகழில்லாத ஆள்களின் பெயர்ப் பட்டியலைப் படிக்கக் கொடுத்தார்கள். உடனே கேட்டால், ‘இது அந்தப் பட்டியலில் வந்த பெயர்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் கேட்டால் அதே பெயர்களில் சிலவற்றைப் பிரபலமானவர்கள் என்றார்கள். பரிச்சயம் மிஞ்சியது, அது எங்கிருந்து வந்தது என்பது போய்விட்டது. மூல முகவரி இல்லாமல் வரும் பரிச்சயத்துக்கு மனம் தானாக ஒரு முகவரி போட்டுவிடுகிறது.

நம் ஊரில் வரும் போலி நண்பர் அழைப்பு இதன் மேல்தான் நிற்கிறது. என் தோழியின் அப்பாவுக்கு வந்தது: “என் குரல் ஞாபகம் இல்லையா அங்கிள்?” அவரே, “யாரு, தம்பி மகனா?” என்றிருக்கிறார். “ஆமா அங்கிள், நம்பர் மாத்திட்டேன், இதைச் சேமிச்சுக்குங்க.” மறுநாள் பணம் கேட்டு வந்தது. பெயரைக் கொடுத்தவர் அவர், முகவரியைப் போட்டது அவர் மனம். மறுநாள் கேட்டபோது குரல் உண்மையிலேயே தெரிந்ததாகத்தான் இருந்தது, முந்தின நாள் கேட்ட குரல்தானே.

வீட்டுப் பெரியவர்களிடம் ‘ஏமாறாதீங்க’ என்று சொல்லிப் பயனில்லை, அவர்களுக்குத் தெரிந்த குரலாகத்தான் கேட்கும். இரண்டே பழக்கம் சொல்லிக் கொடுங்கள். பெயரை நாம் ஊகித்துக் கொடுக்கக் கூடாது, அவரே சொல்லட்டும். பணம் என்று பேச்சு வந்தால் வைத்துவிட்டு, பழைய எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். சந்தேகம் என்றால் மோசடி பற்றிக் கேட்கும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.